பெயர் பார்க்கும் பக்கம்

ஜூலை 14, திங்கள்

நேற்று சாயங்காலப் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினேன். ரெஜினா கட்டிக் கொடுத்த பட்டர் பீன்ஸ் பையின் அடியில் நசுங்கி, நீலச் சுடிதாரில் கறை. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "கம்ப்யூட்டர் மேப்புல பேரு எழுதறதுதான் வேலைன்னு சொன்னியே, அதுக்குன்னு ஒரு ஆபீஸா கண்ணு?" எழுதுவது இல்லை அம்மா, வைப்பது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தெருவின் பெயர் தெருவோடு படுத்திருக்க வேண்டும். ஆற்றின் பெயர் ஆறு வளையும் இடத்தில் கூடவே வளைய வேண்டும். எந்தப் பெயரும் தலைகீழாக நிற்கக் கூடாது. இரண்டு பெயர்கள் மோதிக்கொண்டால் ஒன்று மறைந்துவிடும். எது மறைய வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் செய்கிறேன். "கண்ணு கெட்டுப் போகாதா?" என்றார். கொஞ்சம் கெட்டுத்தான் போயிருக்கிறது.

சனிக்கிழமை ரெஜினாவுக்குப் போன் மேப்பில் எங்கள் ஊர் தும்பைமட்டத்தைக் காட்டினேன். டீ எஸ்டேட்டில் டவர் கிடைப்பது ஃபேக்டரி மேட்டில் மட்டும்தான். அங்கே உட்கார்ந்துதான் பார்த்தோம். "எங்க ஊரை ஆத்துக்கு அந்தாண்ட போட்டு வச்சிருக்கீங்களே. அங்க யானைதான்டி இருக்கு," என்று சிரித்தாள். உண்மைதான். சாம்பலாற்றின் பெயரோடு மோதக் கூடாது என்று மென்பொருள் தானாகத் தள்ளி வைத்திருக்கிறது. இன்று சரிசெய்தேன். ஒரு ஊரின் பெயரை நகர்த்தினால் காரணம் குறிப்பிட வேண்டும். 'உள்ளூர்வாசி தெரிவித்தது' என்று போட்டேன்.

அவள் என் அண்ணனின் மனைவி. அண்ணி என்று கூப்பிடச் சொல்லி அம்மா உயிரோடு இருந்தவரை திட்டிக்கொண்டே இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவளை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 17

சாம்பலாறு இன்று முழு நாளையும் தின்றுவிட்டது. வளைவில் பெயரை வளைத்தால் 'லா'வின் கால் தனியாகக் கழன்று ஒரு எழுத்து தள்ளிப் போய் நிற்கிறது. மென்பொருள் செய்தவர்களுக்குத் தமிழில் எழுத்தும் அதன் காலும் ஒன்று என்று தெரியாது. பக்கத்து மேசை நஸ்ரின் எட்டிப் பார்த்து, "உங்க ஆறு நொண்டுது அக்கா," என்றாள். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் பூட்டி, ஓடும் திசையில் படுக்க வைத்தேன்.

தயிர் புளித்துவிட்டது. நாளைக்கு மோர்க்குழம்பு.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போய் வந்ததும் அண்ணன் கூப்பிட்டார். தூத்துக்குடி மாப்பிள்ளை, மின்வாரியத்தில் வேலை, மனைவி இறந்து மூன்று வருடம், குழந்தை இல்லை. "முப்பத்தாறு ஆச்சு பிலோமி. எத்தனை நாளைக்குத் தனியா சோறாக்கித் தின்னுவ?" என்றார். வேலை அதிகமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். பின்னால் ரெஜினாவின் குரல்: "அவளை விடுங்களேன். நச்சரிச்சா அவ இங்க வர்றதையும் நிறுத்திருவா." போனை வாங்கி என்னிடம் எதுவும் பேசாமல் வைத்துவிட்டாள்.

ஜூலை 23

மழை. கோவையிலேயே மழை என்றால் மலையில் கேட்கவே வேண்டாம்.

ஜூலை 24

ரெஜினாவிடமிருந்து குரல் செய்தி. முதலில் மழைச் சத்தம் மட்டும். பிறகு: "கேக்குதா? இதுக்காகத்தான் ஃபேக்டரி மேடு வரைக்கும் ஏறி வந்தேன், குடையும் ஒடைஞ்சு போச்சு. வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு, அடுப்பு பொகையுது. ஆத்துத் தண்ணி காப்பி கலர்ல போகுது. ராத்திரி பாறை உருள்ற மாதிரி சத்தம் கேக்குது, உங்க அண்ணன் கனவுங்கிறாரு. ரெண்டாம் சனிக்கிழமை வரும்போது குடை வாங்கிட்டு வா, பூப் போட்டது வேண்டாம்."

பதிலுக்கு, உடனே கீழே இறங்கி இங்கே வந்துவிடு என்று சொன்னேன். போய்ச் சேர்ந்ததற்கான குறி விழவில்லை. அவள் கீழே வீட்டுக்குப் போயிருப்பாள்.

ஜூலை 26, சனி

விடியற்காலையில் தும்பைமட்டத்தில் மலை சரிந்துவிட்டது. டிவியில் ஊரின் பெயரைத் 'தும்பமட்டம்' என்று போடுகிறார்கள்.

இரண்டு எண்களும் போகவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பஸ் செக்போஸ்ட் வரைதான் போனது. அதற்கு மேல் பாலம் இல்லை. போலீஸ்காரர் ஒருவர், "மேல யாரும்மா உங்களுக்கு?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். "பேரு சொல்லுங்க, ஒயர்லெஸ்ல கேக்குறேன்."

சூசைராஜ், டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதி என்றேன். உயிரோடு இருக்கிறார். இரவு ஷிஃப்டில் இருந்திருக்கிறார். ஃபேக்டரி மேட்டில் இருப்பதால் தப்பித்தது. ஒயர்லெஸ்ஸில் அவர் குரலையே கேட்கவைத்தார்கள். "பிலோமி, லைன் வீடு ஒண்ணுமே தெரியல. ஒரே சேறு," என்றார். ரெஜினா என்றேன். "தேடுறாங்க," என்றார்.

திரும்பி வந்து இரண்டு வாளித் துணி துவைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, போனேன்.

பதினொரு மணிக்கு இளங்கோவன் சார் எல்லோரையும் கூப்பிட்டார். மாவட்ட நிர்வாகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்: மீட்புப் படைக்கு வரைபடம் வேண்டும். இருக்கும் படத்தில் தும்பைமட்டம் என்று ஒரே ஒரு பெயர், சுற்றிலும் பச்சை. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் வரிசைகள் எங்கே, எந்த வாக்கில் இருந்தன என்று அதில் எதுவும் இல்லை. "யாருக்காவது அந்த ஏரியா தெரியுமா?" என்று கேட்டார். நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

"உங்களால முடியுமா பிலோமினா?" என்றார் சார் தணிந்த குரலில்.

"நான் பொறந்த ஊரு சார்."

மீட்புப் படை அதிகாரி கனகசபை என்பவர் போனில் வந்தார். அவர் பேசும்போது பின்னால் பொக்லைன் சத்தம். "மேடம், நான் நிக்கிற எடத்துல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. எங்க தோண்டுறதுன்னு தெரியல. வீடு வரிசை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு மட்டும் காட்டிக் குடுங்க, போதும்."

பழைய செயற்கைக்கோள் படத்தில் கூரைகள் நிழல் மரங்களுக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. எனக்கு மூன்று வரிசைகளும் தெரியும். மேல் லைன், நடு லைன், மாதா சிலை வைத்த கெபி பக்கத்திலிருக்கும் மாதா லைன். ஆனால் தெரிவது வேறு, படத்தில் ஒரு கோடு போடுவது வேறு. சின்ன வயதில் ஓடி ஓடி மனதுக்குள் சுருங்கிப்போன தூரங்கள். அண்ணனைப் பிடித்தேன். ஃபேக்டரி வாசலில் இருந்த ஒரே தரைவழிப் போன் வேலை செய்தது.

"வாசல்ல நிக்கிறேன். சொல்லு," என்றார்.

"நடு லைன் எந்தப் பக்கம் சாஞ்சு போகும்?"

"ஃபேக்டரி புகைக்கூண்ட முதுகுல வச்சு நின்னா, வலது தோளுக்கு நேரா. நம்ம பழைய வீட்டு முற்றத்துல காலைல வெயில் எப்படி விழும்? அம்மா கோழிக்கூடைய நகத்திக்கிட்டே இருப்பால்ல, அந்தப் பக்கம்."

அதை வைத்துத்தான் கோணம் போட்டேன்.

வழக்கமாக ஒரு வரிசைக்கு நடுவில் பெயர் வைப்போம். இன்று அப்படி வைக்கவில்லை. எழுத்துகளை அகல விரித்து, முதல் எழுத்து முதல் வீட்டின் மேலும் கடைசி எழுத்து கடைசி வீட்டின் மேலும் விழும்படி இழுத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நிற்கிறவர் பெயரைப் படித்தாலே வரிசையின் நீளம் தெரிய வேண்டும். அந்தப் பக்கம் ஆட்கள் மேட்டிலிருந்து கீழ்நோக்கி வருகிறார்கள் என்பதால் அவர்கள் பார்வைக்குத் தலைகீழாகாமல் திருப்பி வைத்தேன். எங்கள் விதிப்படி அது தவறு. சார் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பச் சொன்னார்.

மாதா லைனின் கடைசி எழுத்து 'ன்'. அது ஆற்றுப் பக்கத்துக் கடைசி வீட்டின் மேல், ரெஜினாவின் வீட்டின் மேல், விழுந்தது.

ஜூலை 29

மேல் லைனில் இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். கனகசபை கூப்பிட்டுச் சொன்னார்: "மேல் லைன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த 'மே'க்குக் கீழதான் மேடம். ஒரு அம்மாவும் மகளும். ஓட்டுக் கூரை மேல விழுந்து கூடு மாதிரி காப்பாத்தியிருக்கு." அலுவலகத்தில் கை தட்டினார்கள். நஸ்ரின் அழுதாள். நான் நடு லைனைக் கொஞ்சம் வடக்கே தள்ள வேண்டியிருந்தது; அண்ணன் காலையில் திருத்தம் சொல்லியிருந்தார்.

மாதா லைனுக்கு எப்போது போவீர்கள் என்று கனகசபையிடம் கேட்டேன். "அங்க தண்ணி இன்னும் ஓடுது. ஆறு பாதை மாத்தி அது மேலயே போகுது. தண்ணி வத்தணும் மேடம்," என்றார். பிறகு, "அங்க உங்க ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

வரைபடத்துக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னேன்.

ஜூலை 31

மாதா லைனில் தோண்டினார்கள். 'மா'வுக்குக் கீழ் மூன்று உடல்கள். 'லை'க்குக் கீழ் யாரும் இல்லை, ஒரு தையல் மிஷின். 'ன்'னுக்குக் கீழ் பாறை மட்டும். வீட்டின் அடித்தளம்கூட இல்லை.

அண்ணன் கூப்பிட்டார். "நீ எடத்தைச் சரியாத்தான் போட்டிருக்கியா?" என்றார். சரியாகத்தான் என்றேன். "இன்னொரு தடவை பாரேன்." பார்த்தேன். இரண்டடி கீழே தள்ளினேன். அதனால் எந்த வித்தியாசமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டார் என்று தள்ளினேன்.

ஆகஸ்ட் 1

காலையில் சமைத்தது அப்படியே இருந்தது. நாய்க்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கடைத்தெருவில் ஒரு கருப்புக் குடை வாங்கினேன். வீட்டுக்கார அம்மா, "ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கியே கண்ணு," என்றார். அது பழசு என்றேன்.

ஆகஸ்ட் 7

தற்காலிகப் பாலம் போட்டுவிட்டார்கள். போனேன்.

அண்ணன் அரசுப் பள்ளி முகாமில், நான்காம் வகுப்பு அறையில் இருந்தார். யாரோ கொடுத்த சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார பெஞ்சைத் துடைத்தார், விருந்தாளிக்குச் செய்வது போல. இருவரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

பிறகு மேட்டிலிருந்து பார்த்தோம். அலுவலகத் திரையில் நான் பார்த்ததுதான், ஆனால் அதில் வாசனை இருக்கவில்லை. மூன்று வரிசைகளும் இருந்த இடத்தில் ஒரு அகலமான செம்மண் ரோடு போல மலையிலிருந்து கீழே வரை. அண்ணன் கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்து, எங்கே காட்டுவது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார். நான் போனை எடுத்து மேப்பில் மாதா லைன் பெயரைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்து, அப்புறம் சேற்றைப் பார்த்து, "அங்கதான்," என்றார்.

கீழே ஆற்றோரம் அடித்துப்போன உடல்களில் அடையாளம் தெரியாதவற்றை டவுனுக்குப் போகும் வழியில் புதைக்கிறார்கள். எஸ்டேட் கொடுத்த நிலம். பெயர் தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்க, உறவுக்காரர்களிடம் ரத்தம் எடுக்கிறார்கள். நானும் அண்ணனும் வரிசையில் நின்றோம். முறை வந்ததும் நான் கையை நீட்டிவிட்டேன்.

நர்ஸ் கேட்டாள்: "காணாமப் போனவங்களுக்கு நீங்க யாருங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன், "நாத்தனார்," என்றார்.

"அது ஒத்து வராதுங்க. வீட்டுக்காரர் ரத்தமும் ஆகாது. அம்மா, அப்பா, கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

ரெஜினாவுக்கு ஒரே தம்பி, அந்தோணி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நாளை வரச் சொல்லியிருக்கிறோம். சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் இரண்டு முறை சொன்ன பிறகுதான் இறக்கினேன்.

ஆகஸ்ட் 18

அலுவலகம். ஒரு நகரத்தின் சந்துகள் வந்திருக்கின்றன, அறுநூறு தெருக்கள். சின்னத் தெரு, நீளப் பெயர். இப்படி இருப்பது நல்லது, வேறு எதையும் நினைக்க முடியாது.

ஆகஸ்ட் 30

பல் மருத்துவரிடம் போனேன். தூக்கத்தில் பற்களைக் கடிக்கிறேனாம். "ஏதாவது டென்ஷனா?" என்றார். மென்பொருள் மாற்றுகிறார்கள், அதனால் என்று சொன்னேன்.

குரல் செய்தியை இன்று கேட்கவில்லை.

செப்டம்பர் 9

அண்ணன் போன் செய்தார். முகாமை மூடிவிட்டார்கள், ஃபேக்டரி ஸ்டோர் அறையில் தங்கியிருக்கிறார். இங்கே வந்துவிடுங்கள் என்றேன், வழக்கம்போல. அவர் வேறு பேசினார்.

"பிலோமி, ஒண்ணு கேக்கணும். நம்ம ஊரு பேரை மேப்புல இருந்து எடுக்க முடியுமா?"

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். திரும்பவும் சொன்னார். அந்தப் பெயரை வைத்து வழி கண்டுபிடித்து ஆட்கள் வருகிறார்கள். சனி, ஞாயிறுகளில் கார்கள், பைக்குகள். சேற்றின் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கெபியின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. அதன் மேல் ஒருத்தன் காலை வைத்து நின்றானாம். "முந்தாநேத்து ஒரு குடும்பம், தயிர்சாதம் கட்டிக்கிட்டு வந்திருக்கு. அங்க உக்காந்து சாப்பிடுறாங்க. அந்தப் பொம்பளை என்னையப் பாத்து, அண்ணே இதுல எந்த எடத்துல நெறையப் பேரு செத்தாங்கன்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

முடியாது என்றேன். பெயரையும் எடுத்துவிட்டால் அங்கே என்ன இருக்கும்? அங்கே ஊர் இருந்தது என்பதற்கே வேறு எதுவும் இல்லை. நானே வைத்த பெயர் அது. கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "நீ அங்க கம்ப்யூட்டர்ல பாக்குற. நான் இங்க தெனமும் பாக்குறேன் புள்ள," என்றார்.

செப்டம்பர் 10

அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். பொதுமக்கள் போட்ட படங்களும் கருத்துகளும் திறந்தன. நான் வைப்பது பெயரை மட்டும்தான். அதற்கு அடியில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று இத்தனை வருடம் பார்த்ததே இல்லை. நான்கு நட்சத்திரம். 'அருமையான வியூ. ரோடு மோசம். பார்க்கிங் வசதி செய்தால் நன்றாக இருக்கும்.' ஒரு படத்தில் இரண்டு இளைஞர்கள் விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ன்'னுக்கு மேலே.

சாரிடம் போனேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பஞ்சாயத்துத் தலைவரும், உயிரோடிருக்கும் குடும்பங்களும் சேர்ந்து கேட்டார்கள். அனுமதி வந்தது. "குடியிருப்பே இல்லேன்னா விதிப்படியும் எடுக்க வேண்டியதுதான்," என்றார் இளங்கோவன் சார். விதியைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

நஸ்ரின் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "நான் பண்றேன் அக்கா. நீங்க டீ சாப்ட்டு வாங்க."

"வேண்டாம்."

முதலில் மேல் லைன். பிறகு நடு லைன். மாதா லைனை எடுக்கும்போது எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பூட்டியிருந்ததால் ஒரேயடியாகப் போகவில்லை. ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. கடைசியாகத் தும்பைமட்டம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'ஊரார் கேட்டுக்கொண்டது' என்று எழுதினேன்.

ஒரு பெயர் போனதும் இடம் காலியாகிவிட்டது என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். சாம்பலாற்றின் பெயர் தானாக நகர்ந்து, நீண்டு, அந்த இடத்தின் மேல் வந்து படுத்தது.

அதைப் பிடித்து இழுத்து ஆற்றுக்குள் வைத்தேன். படத்தைப் புதுப்பித்ததும் மறுபடியும் வந்தது. மறுபடி இழுத்தேன். நஸ்ரின் என் கையைப் பிடித்து, "அக்கா, பூட்டு போடுங்க. இங்க எதுவும் வரக்கூடாதுன்னு ஒரு கட்டம் போட்டா வராது," என்றாள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், பதினோரு வருடமாகத் தெரிந்தது. கட்டத்தையும் அவள்தான் போட்டாள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து சந்துகளைத் தொடர்ந்தேன்.

செப்டம்பர் 28

அண்ணன் சொன்னார்: இந்த ஞாயிறு நான்கு கார்கள் மட்டும்.

அக்டோபர் 5

கார் எதுவும் வரவில்லையாம். சாயங்காலம் கெபியைச் சுற்றிச் சேற்றை வெட்டி எடுத்ததாகச் சொன்னார். மாதாவின் ஒரு கை உடைந்திருக்கிறது.

அக்டோபர் 21

அந்தோணி கூப்பிட்டான். அவனுக்கு எப்போதும் திக்கும், இன்று திக்கவில்லை. ரத்தம் பொருந்திவிட்டது. நாற்பத்தொன்றாம் எண்.

அண்ணனுக்கு நீயே சொல்லிவிடு என்றேன். "சொல்லிட்டேன்க்கா. ரிசல்ட் வந்தா உங்களுக்கு மொதல்ல சொல்லச் சொல்லியிருந்தாரு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்," என்றான்.

மதியம் விடுப்பு போட்டேன். எங்கேயும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். மலைக்குப் போகும் பஸ்கள் இரண்டு போயின.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

நேற்றே போய்விட்டேன். அண்ணன் தாடியை எடுத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்; வாங்கிக் கொடுக்கவா என்று முன்பு கேட்டதற்கு, தானே எடுத்துவிட்டதாகச் சொன்னார். காலையில் ஃபாதர் எல்லாக் கல்லறைகளையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். எண் இருந்த கற்களில் பாதிக்கு மேல் இப்போது பெயர் வந்துவிட்டது. இன்னும் எண்ணாகவே இருப்பவற்றுக்கும் யாரோ சாமந்தி வைத்திருந்தார்கள்.

அந்தோணி டவுனிலிருந்து கல்லை ஆட்டோவில் ஏற்றி வந்தான். ரெஜினா என்று மட்டும் வெட்டியிருந்தது. பிறப்பு, இறப்பு, இன்னாரின் மனைவி என்பதெல்லாம் போடலாமே என்று அந்தோணி கேட்டதற்கு, அண்ணன், பேர் போதும் என்று சொல்லிவிட்டாராம்.

கொத்தனார் எண் கல்லைக் கடப்பாறையால் நெம்பி எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். புதுக் குழியில் சிமெண்ட் கலவையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பேரு எந்தப் பக்கம் பாத்து இருக்கணுங்க? எல்லாரும் மலையப் பாத்து வச்சிருக்காங்க. செல பேரு பாதையப் பாத்து."

அந்தோணி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு பிலோமி."

"நீங்க சொல்லுங்கண்ணே. நீங்கதான சொல்லணும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கிட்ட அவ, சாப்பாடு எடுத்து வைக்கவான்னு கேப்பா. சட்டையக் கழட்டிக் குடுங்க, தொவைக்கணும்ம்பா. பன்னெண்டு வருஷம் நல்லபடியாத்தான் இருந்தோம், நான் குறை சொல்லல. ஆனா மத்த பேச்செல்லாம் அவளுக்கு உங்கிட்டதான். நீ வர்ற சனிக்கிழமைன்னா வியாழக்கிழமையே வீட்டை மெழுக ஆரம்பிச்சிருவா." கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "எனக்குத் தெரியும் புள்ள. ரொம்ப நாளாவே தெரியும். நீயே சொல்லு."

அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

கொத்தனார் கரண்டியோடு காத்திருந்தார். கலவை இறுகிக்கொண்டிருந்தது. நான் கல்லறையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஒரு பக்கம் சரிந்த மலை. ஒரு பக்கம் பாதை. இன்னொரு பக்கம் மரங்களுக்கு நடுவே பள்ளத்தாக்கு திறந்து, கீழே வெகு தூரத்தில் சமவெளி, வெயிலில் வெளுத்துத் தெரிந்தது.

"கீழ பாத்து," என்றேன். "கோயம்புத்தூர் பக்கம்."

அண்ணன் தலையாட்டினார். கொத்தனார் கல்லைத் திருப்பி ஈரக் கலவையில் இறக்கினார். அது லேசாகச் சாய்ந்தது. பிடியுங்கள் என்றார். நிலைக்கும்வரை ஒரு பக்கம் அண்ணனும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டு நின்றோம்.